இரவல் நாக்கு

புற்றுநோய்க்கு நாக்கைப் பறிகொடுத்த கோமதிநாயகத்துக்குச் சாப்பாடெல்லாம் வயிற்றுக் குழாய் வழியாகத்தான். ருசிக்கென்று இருவர் காதோரமும் ஆளுக்கொரு வில்லை ஒட்டியிருந்தார்கள். மனைவி பிரமு எதைத் தின்றாலும் அந்தச் சுவை அவருக்கும் தெரியும்.

அன்று மதியம் அவருக்குக் கஞ்சி ஊற்றியபடியே பிரமு நெத்திலிக் குழம்புச் சோற்றை ஒரு வாய் மென்றாள். குழம்போடு ரத்தமும் கரித்தது அவருக்கு.

அவள் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தார். இடக் கன்னத்தின் உள்ளே, அவர் நாக்கில் முதலில் வந்த அதே வெள்ளைப் புண்.

“எத்தனை நாளாக?” என்று சிலேட்டில் எழுதினார்.

“மூணு மாசமா. ஒங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு வலப்பக்கமாவே மென்னேன், இன்னைக்கு மறந்துட்டேன். நான் படுத்துட்டா ஒங்களுக்கு யாரு ஊத்துவா?”

அவர் சிலேட்டைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்த கஞ்சியை வாங்கி, கொஞ்சம் சிந்தியபடி தானே குழாயில் ஊற்றிக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சைகை காட்டி வாசலில் போய் நின்றார்.