இரண்டாவது போத்தல்

"சோயாப் பால் மட்டும் குடுத்தா இப்படித்தான் ஆகும் லெட்சுமி. மாட்டுப் பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து இதுல கால்வாசிகூட இல்ல. எலும்பு எப்படி நிக்கும்?"

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் அர்ச்சுனன், குழந்தை செல்லத்தின் வளைந்த காலைத் தடவிப் பார்த்துச் சொன்னார். ஒன்றரை வயதாகியும் அவள் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

"உங்க வீட்டுலதான் மாடு இருக்கே?"

லெட்சுமி குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டாள். மாடு தினமும் இரண்டு போத்தல் கறந்தது. ஒன்றை ஜப்பான் அதிகாரி பங்களாவுக்குக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றை அவள் கணவன் நல்லசாமி துண்டுக்குள் மறைத்து, தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்துக்குக் கொண்டு போவான். அங்கே மங்கம்மா சின்னஞ்சிறு மகனோடு தனியாக இருந்தாள். அவள் புருஷன் வீரமுத்து, சயாமில் ரயில் பாதை போடப் போனவன், இன்னும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் கேட்டாள்.

"பெத்த பிள்ளைக்குக் குடுக்காம அவளுக்கு எதுக்குக் குடுக்கிறீங்க?"

"அத மட்டும் கேக்காத."

நல்லசாமி தலையைத் தூக்கவே இல்லை. அவனையும் மங்கம்மாவையும் இணைத்து லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டதை அவளும் அன்று நம்பினாள்.

மறுநாள் காலை, செல்லத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மங்கம்மா வீட்டுக்குப் போனாள். மங்கம்மாவின் மகன் வாசலில் ஓடிக்கொண்டிருந்தான்.

"எம் புருஷனையும் எடுத்துக்கிட்ட, எம் பிள்ளை பாலையும் எடுத்துக்கிட்ட. இதோ பாரு இவ கால."

மங்கம்மா கோபப்படவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பால் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாப்பாவுக்குப் போக மிச்சம்னுதான் அண்ணன் சொன்னாரு. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. கொண்டு போங்க. இனி வேணாம்."

லெட்சுமி கை நீட்டவில்லை. "அவருக்கும் உனக்கும் என்ன?"

மங்கம்மா அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க பேறுகாலத்துக்குப் போர்டிக்சன்ல தாய் வீட்டுக்குப் போயிருந்தப்பதான் சயாமுக்கு ஆள் பிடிச்சாங்க. அண்ணன் காய்ச்சல்ல நினைவில்லாமக் கிடந்தாரு. லாரியில தூக்கிப் போட்டா வழியிலேயே போயிருவாருன்னு, அவர் பேரைக் கூப்பிட்டப்ப எங்க வீட்டுக்காரரு போய் ஏறிட்டாரு. வெளிய தெரிஞ்சா அண்ணனப் பிடிச்சிருவாங்கன்னுதான் நானும் அண்ணனும் வாயத் திறக்கல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கேருந்து தப்பி வந்த ஒருத்தன் போன வாரம் சொன்னான்க்கா. சயாம்ல நல்லசாமி செத்துட்டாராம்."