கழித்துவைத்த ஏழு தட்டுகள்

"முள்ளை எடுக்காதீங்கண்ணே, முழுசா ஓடட்டும். பாதியில நிறுத்தினா கீறல் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

பழைய சாமான் வியாபாரி பெருமூச்சு விட்டார். ரெக்கார்டு பிளேயரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்திருந்தார். இருபது வருஷம் மூட்டை தூக்கின முதுகு அது. மாடிப்படியைக் கண்டாலே அழும். ஆனால் கூப்பிட்ட வீட்டுக்காரி போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: பிளேயரோடு வரவேண்டும், அவள் கண்ணெதிரே போட்டுப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

அறை முழுக்க, செத்துப்போன அவள் அப்பா சேர்த்துவைத்தவை. நாடக நோட்டீஸ் கட்டுகள், பாதி கிழித்த டிக்கெட்டுகள், அட்டைக் கிரீடம் ஒன்று, ஜிகினா உதிர்ந்த ராஜா அங்கி. எல்லாவற்றுக்கும் மேலே, நாடகம் நடக்கும்போதே மேடையில் பதிவு செய்த இருபது தட்டுகள். இவ்வளவுக்கும் விலை படிந்தால் இந்த வருஷம் முழுக்க அவர் வேறு வியாபாரம் தேடவேண்டியதில்லை. கீழே வேனைக்கூட நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அப்பா என்ன வேஷம் கட்டுவாரும்மா? சுவத்துப் படத்துல இருக்கிற முகத்தை இந்த நாடகப் போட்டோ ஒண்ணுலயும் காணோமே?"

"வேஷமெல்லாம் இல்ல. நாடகக் கம்பெனியில இருந்தார்."

சமையல்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஓடி முடிந்த தட்டை எடுத்துத் தனியே வைத்தார். "இதுவும் கழிசல்தாம்மா."

"ஏன்?"

"உங்களுக்குக் கேக்கல? ராஜா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எவனோ முணுமுணுக்கிறான். அப்புறம்தான் ராஜா அதையே பேசறார். ஒரு வசனத்தை ரெண்டு தடவ கேக்க எவன் காசு கொடுப்பான்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. மறுபடி போடுங்க."

காதில் பஞ்சா வைத்திருக்கிறாள்? போட்டார். அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு பிளேயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது. மனசுக்குள் விலை போடுகிறாள் என்று அவருக்குப் பட்டது.

நல்லது ஒரு பக்கம், கழிசல் ஒரு பக்கம் என்று மதியம் முழுக்க ஓடிவிட்டது. ஏழாவது கழிசலில் ஒரு குழந்தை வசனத்தை மறந்து நின்றுவிட்டது. தட்டு கரகரவென்று வெறுமனே சுற்றியது. சபையில் யாரோ இருமினார்கள். பிறகு அதே முணுமுணுப்பு:

"பேசு கண்ணு. நான் இருக்கேன்ல."

வியாபாரி சிரித்துவிட்டார். "இந்த ஆளைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளியிருந்தா ஏழு தட்டும் பிழைச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ போடுங்கண்ணே."

"முள்ளு தேயுதும்மா."

"இதான் கடைசி."

போட்டு முடித்து, கழிசலைத் தள்ளி மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னார். அவள் அதற்கு இரண்டு மடங்கு கேட்டாள். அவர் கொஞ்சம் ஏறி வந்தார். அவளும் ஏறினாள்.

"என்னம்மா இது, தங்கத்துல வார்த்த தட்டா?"

"கட்டுப்படியாகலன்னா விட்டுடுங்கண்ணே" என்று ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, கதவையும் அவளே திறந்துவிட்டாள்.

பிளேயரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாய்க்குள் திட்டியபடி படியிறங்கினார். கீழ்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்தினார்.

"வெறுங்கையோடவா போறீங்க? இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு."

"விக்க மனசில்லாதவ எதுக்குய்யா ஆளைக் கூப்பிட்டு மல்லுக்கட்டறா?"

"அவகிட்ட பிளேயர் இல்லையே. சும்மா வந்து போட்டுக் காட்டுங்கன்னு கேட்டா, எவன் மூணு மாடி ஏறுவான்?"

"அப்படி என்னத்தைக் கேக்கணுமாம் அதுல?"

"அவங்கப்பாவைத்தான். படுதாவுக்குப் பின்னாடி நின்னு, நடிக்கிறவங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவராச்சே அவர்."

வியாபாரி வேனில் ஏறினார்.

கடைக்குத் திரும்பியதும் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "அந்த நாடகச் சரக்கு படியலையாமே? அந்தம்மா போன் பண்ணி அடுத்த வாரம் என்னை வரச் சொல்லியிருக்காங்க. பிளேயரை வேற தூக்கிட்டு வரணுமாம். போலாமா, வேண்டாமா?"

வியாபாரி பிளேயரை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தார்.

"அருமையான சரக்கு, விட்டுடாத" என்றார். "ஆனா ஏழு தட்டுல மட்டும் என்னமோ முணுமுணுப்பு இருக்கு. அதை முழுசாப் போட்டுக் கேளு. ரெண்டு தடவயாவது கேளு."