பூசாத மஞ்சள்

"எட்டாங்கிளாஸோட நின்னவளுக்கு வியாதியப் பத்தி என்னடி தெரியும்?"

அம்மா போன வாரம் சின்ன மகளிடம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

இன்று அக்காவின் புகுந்த வீட்டில் வளைகாப்பு.

அக்காவை மணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சள் பூசுகிறார்கள். கன்னம் மஞ்சள். கை மஞ்சள்.

கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

அதை யார் பூசியது?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை தங்கைக்கு. அங்கே சுவரில் 'ஹெபடைடிஸ் பி' என்ற ஈரல் நோயின் அறிகுறிகளைச் சொல்லும், கண்ணாடி போட்ட அறிவிப்பு ஒன்று உண்டு. துடைத்துத் துடைத்து வரிகளெல்லாம் மனப்பாடம்.

அக்கா சோறு வேண்டாம் என்றாள். மசக்கை என்றார்கள். ஒன்பதாம் மாதத்திலா?

முட்டியெல்லாம் வலிக்கிறது என்றாள். சுமக்கிறவளுக்கு வலிக்காதா என்றார்கள். பகலெல்லாம் படுத்துக் கிடந்தாள். பெண் குழந்தைதான் என்றார்கள்.

சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போகிறது என்று இவளிடம் மட்டும் சொன்னாள். இவள் அம்மாவிடம் சொன்னாள்.

"தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு."

ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

அறிவிப்பில் கடைசி வரி இப்படி இருக்கும்: தாய்க்கு இருந்தால், குழந்தைக்குப் பிறந்த அன்றே ஊசி போட வேண்டும்.

தாய்க்கு இருப்பது தெரிந்தால்தானே?

அவள் அக்காவின் மாமியார் பக்கத்தில் போய் நின்றாள். குரல் வருவதற்குள் இரண்டு பெண்கள் மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள்.

"அத்தை, அக்கா கண்ணப் பாருங்க. காமாலை மாதிரி இருக்கு."

மாமியார் அக்காவைப் பார்க்காமலே இவள் பக்கம் திரும்பினாள்.

"நல்ல காரியம் நடக்கற எடத்துல என்ன பேச்சு இது? மஞ்ச பூசுனா மஞ்சளாத்தான் இருக்கும். பின்ன, பச்சையாவா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்திப் பழக்கமில்லை.

சீர்த்தட்டில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி இருந்தது. அதை எடுத்துப்போய் அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மறு கையால் தாங்கிப் பிடித்தாள்.

"பாத்துக்கடி, மகாலட்சுமியாட்டம் இருக்க," என்றாள் யாரோ.

அக்கா பார்த்தாள்.

விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த கண்.

எதிரே ஒருத்தி பச்சை வளையலை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கையை மடக்கிக்கொண்டாள். தரையில் கை ஊன்றி எழுந்தாள்.

"பாதியில எந்திரிக்கக் கூடாதும்மா!"

உள்ளே போய் மருத்துவமனை அட்டையை எடுத்து வந்தாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டினாள்.

படியிறங்கி நடந்தாள்.

தெருமுனை வரை வளையல் சத்தம் கேட்டது.