சோதனை ஆர்டர்

சேலம் மாநகர மக்களுக்கும், இணையத்தில் கடை விரித்திருக்கும் சகல வியாபாரிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சட்டம் நேரில் எழுந்தருளி, கஸ்பார் பெட்டி ஒர்க்ஸின் முன் அறையில் அமர்ந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போடச் சொன்னது.

சட்டத்தின் பெயர் கௌசிக். இணையதளச் சட்ட இணக்க ஆலோசகர். சட்டம் படித்தவர் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். ஆன்லைனில் இரண்டு நாள் வகுப்பு, அதிலும் ஒரு நாள் கரண்ட் இல்லை.

கஸ்பாரின் புது வெப்சைட்டில் பிரைவசி, ரீஃபண்ட், ஷிப்பிங், விதிமுறைகள் என்று நான்கு பாலிசியும் இருந்தால்தான் பணம் கட்டும் பட்டனைத் திறப்போம் என்று பேமெண்ட் கம்பெனி சொல்லிவிட்டது. அதனால்தான் இந்த விஜயம்.

"உள்ள பட்டறைய ஒருக்கா பாத்துடறீங்களா சார்? நம்ம பொட்டி என்னன்னு தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தார் கஸ்பார்.

"மரத்தூள் சட்டையில ஒட்டும். பொருள் எதுவா இருந்தா என்னங்க? பாலிசி ஒண்ணுதான்."

வெப்சைட்டையும் அவர் திறக்கவில்லை. படம் பார்ப்பதெல்லாம் டிசைனர் வேலையாம். கதவிடுக்கில் தேக்குப் பலகையும் ஒரு சுருள் வெள்ளை சாட்டின் துணியும் தெரிந்தன. சீர்வரிசைப் பெட்டி என்று முடிவு கட்டிவிட்டார். கட்டியதும் மாமனார் ஞாபகம் வந்தது.

மாமனார் ராசப்பனுக்கு மல்லசமுத்திரத்தில் இருபது ஏக்கர். மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று யார் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல எதையோ எடுத்து எதுலயோ ஒட்டறாப்ல" என்பார். ஆறு வருஷமாக அதே பதில். நாளைக்கு அவருக்கு மணிவிழா. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மூத்த மாப்பிள்ளை தங்கச் சங்கிலி போடப் போகிறார். அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்றைச் செய்து, அந்த வாயை அடைத்தாக வேண்டும்.

கௌசிக் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "ரீஃபண்ட் பாலிசி. பொட்டியத் திறக்கறப்ப வாடிக்கையாளரே வீடியோ எடுத்து அனுப்பணும்."

"யாருக்கு வாங்கறமோ, அவரேவாங்க?"

"அவரேதான். பிடிக்கலீன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பி அனுப்பிக்கலாம்."

கஸ்பாரும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அவர் மகள் அக்சிலியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஷிப்பிங் பாலிசி. அஞ்சுல இருந்து ஏழு நாள்."

"அத்தனை நாள் தாங்காதுங்க சார். ரெண்டு மணி நேரத்துல நம்ம வண்டி போய் நின்னுரும்."

"ரெண்டு மணி நேரமா?" சட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்ப ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பாத்துருவோம். ஏம்மா, நீயே டைப் அடி. இருக்கறதுலயே ஒசத்தி, தேக்கு. எங்க மாமனாருக்கு."

கஸ்பார் எழுந்து நின்றார். "அடடா! எப்பங்க சார்?"

"நாளைக்குக் காலையில. ரெண்டு பஸ்ஸு நெறய சனம் வருது. மாலைக்கெல்லாம் சொல்லியாச்சு."

"வயசுங்க?"

"அறுபது முடிஞ்சுது."

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் மேல் உள்ள மரியாதை என்று கௌசிக் எடுத்துக்கொண்டார்.

"உங்க பக்கம் பொட்டி வெக்கற வழக்கம் இல்லைங்களே சார்?"

"இல்லதான். மொத ஆளா நான் வெச்சதா இருக்கட்டும். ஊரே பேசணும்."

"ஒசரம் எவ்வளவுங்க சார்?" என்றாள் அக்சிலியா.

கௌசிக் மேஜையைத் தட்டினார். "இதுக்குத்தான் பாலிசி வேணுங்கறது! தேவையில்லாத சொந்த விவரத்தக் கேக்கக் கூடாதுன்னு பிரைவசி பாலிசியில மூணாவது பாயிண்ட். பொட்டி வாங்க வந்தவன்கிட்ட மாமனார் ஒசரத்தக் கேக்கறயே!"

"ஒசரம் தெரியாம எப்படிங்க சார் குடுக்கறது?"

"என்ன கடையோ போ. ஆறடி. போட்டுக்க."

"மேல பேரு எழுதணுங்களா?" என்றார் கஸ்பார், தணிந்த குரலில்.

"பெருசா எழுதுங்க. கீழ, 'அன்பு மாப்பிள்ளை கௌசிக்'னு."

மாமனார் வீட்டு விலாசத்தைச் சொல்லி, பணத்தை ஃபோனிலேயே அனுப்பினார். பெட்டியை வண்டியில் ஏற்றுவதைக்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. விதிமுறைகளில் நாற்பத்தொரு ஷரத்து பாக்கி இருந்தது. எந்தக் கம்பெனியிலிருந்து எடுத்து ஒட்டினாரோ, பன்னிரண்டாவது ஷரத்தில் விமான டிக்கெட் வந்தது.

இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தது. மாமனார்! ஆறு வருஷத்தில் அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர் கேட்கட்டும் என்று கௌசிக் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா! பொட்டி வந்துதுங்களா?"

"வந்துதுங்க மாப்ளே. பந்தலுக்கு நடுவுல எறக்கி வெச்சிருக்காங்க. உங்க பேரும் போட்டிருக்குது."

பின்னால் பெண்களின் சத்தம் ஓங்கிக் கேட்டது. சந்தோஷம் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று கஸ்பாருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, கௌசிக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்படிங்க மாமா இருக்குது?"

ராசப்பன் நிதானமாகச் சொன்னார்:

"நான் இன்னும் உசுரோடதான் இருக்கறனுங்க மாப்ளே."