குழாய் பார்க்க வந்தவர்

மாடி அறை வாசலில் கருவிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி பிளம்பர் நிற்கிறார். நடுங்கும் கையால் சவரம் செய்ததில் விழுந்த கீறல் கன்னத்தில் பளிச்சென்று தெரிகிறது. உள்ளே, சாயங்கால வெயிலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, குடியை விட்டவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லா முகமும் திரும்ப, “குழாய் ஒழுகுதுன்னாங்க...” என்று இழுக்கிறார். டீ ஊற்றிக்கொண்டிருக்கும் அக்கா, “இந்த ரூம்ல குழாயே கிடையாதே, அண்ணே” என்கிறார். பிளம்பரின் காது சூடாகிறது. கால் படியைத் தேடுகிறது. அதற்குள் வட்டத்தில் இருந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்து, “உள்ள வாங்கண்ணே. நானும் மொத நாள் ஃபேன் ரிப்பேருக்குன்னுதான் வந்தேன்” என்கிறார். பிளம்பர் அண்ணாந்து பார்க்கிறார். கூரையில் ஃபேன் இல்லை. அதை மாட்டும் கொக்கிகூட இல்லை. அறையே குலுங்கிச் சிரிக்கிறது. அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, பை ணங்கென்று ஒரு காலி நாற்காலிக்கடியில் இறங்குகிறது.