ஒரு மாதப் பந்தயம்

பந்தெறிய எந்த முறை வேண்டும் என்று திரையிலிருக்கும் பேஸ்பால் விளையாட்டு கேட்கிறது. பொத்தானைத் தட்டினால் போதும் என்கிற சுலபமான முறை முதலில் இருக்கிறது. பந்து வளையும் பாதையைக் கண்ட்ரோலரின் குமிழைக் கட்டைவிரலால் நகர்த்தி அப்படியே வரைந்து காட்டவேண்டிய கடினமான முறை கடைசியில். "தோத்தா நாளைக்கே கிளம்பிடறேன் மாப்பிள்ளை. ஜெயிச்சா இன்னும் ஒரு மாசம் இங்கதான்" என்று மாமியார் பந்தயம் கட்டியபோது மருமகனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இப்போது எங்கோ இடிக்கிறது. பகலெல்லாம் அவன் ஆபீஸில் இருக்க, இந்தக் கண்ட்ரோலர் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது? "உங்களுக்குச் சுலபமானதையே வெச்சிடவா அத்தை?" "எதையோ வைங்க. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு." கடைசியாக ஆடியவர் தேர்ந்தெடுத்த முறையில்தான் வெளிச்சக் கட்டம் எப்போதும் நிற்கும். அவன் முதல் முறையைத் தாண்டியதே இல்லை. கட்டமோ கடைசி முறையில் நிற்கிறது. மெல்லத் திரும்பிப் பார்க்கிறான். ஜன்னல் வெயில் விழுந்த மாமியாரின் முகத்தில் பச்சைக் குழந்தையின் களை. சோபாவின் கைப்பிடிமேல் கிடக்கும் அவருடைய கட்டைவிரல் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வளைகோட்டை நிதானமாக இழுத்து, முடிவில் வெடுக்கென்று சுண்டுகிறது.