அம்மாவின் சம்மதம்

"விதவையாக இருக்கும்வரை பெரிய அறையும் அடுப்படியும் என் மனைவிக்கு. மறுமணம் செய்தால் அவையும் மகன் ஹம்ப்ரிக்கு."

இங்கிலாந்தின் சசெக்ஸில் நூறு ஏக்கர் உழுத அப்பா இப்படி உயில் எழுதிவிட்டுச் செத்துப்போய் இரண்டு வருஷமாயிற்று. அம்மா தாமசினுக்கு ஐம்பத்திரண்டு வயது. தும்மல்கூட வராத உடம்பு. ஹம்ப்ரிக்கு வயிறு எரிந்தது.

"பக்கத்து ஊர் ஆம்ப்ரோஸும் தனியாத்தான் இருக்காரு. கட்டிக்கயேம்மா."

"அந்த வழுக்கையனையா? தூ! என் உசுரு இந்த அடுப்போரத்துலதான்டா போகும்."

"ரெண்டு கறவை மாடு தர்றேன்."

அம்மா அழுதாள். இறகு மெத்தையையும் சேர்த்தான். இன்னும் அழுதாள். பித்தளை அண்டாவும் தருவதாகச் சொன்னதும் மூக்கைச் சிந்திவிட்டு, "உனக்காகத்தாண்டா" என்றாள்.

'ரெண்டு மாட்டுக்கு வீட்டையே விட்டுட்டுப் போகுதே, அறிவுகெட்ட ஜென்மம்!' ஹம்ப்ரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

தேவாலயத்தில் கல்யாணம் முடிந்தது. மெத்தையும் அண்டாவும் வண்டியில் ஏறின. மாடுகளைப் பின்னால் கட்டினார்கள். அம்மாவும் ஏறி உட்கார்ந்தாள்.

ஹம்ப்ரி மாப்பிள்ளையிடம் அலுத்துக்கொண்டான். "எங்கம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு உங்களுக்கு எங்க தெரியும்?"

ஆம்ப்ரோஸ் வழுக்கையைத் தடவினார். "என் பாடு மட்டும் உனக்குத் தெரியுமா? போன அறுவடையிலேயே மோதிரம் போட்டாச்சு. 'வெறுங்கையோட வரமாட்டேன், என் மகனே சீர் கொடுத்துத் துரத்துவான், பொறுங்க'ன்னு ஒரு வருஷம் காக்க வச்சுட்டா உங்கம்மா!"



வண்டியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவன்கிட்ட என்ன பேச்சு? ஏறுங்க. அன்னிக்கு இன்னும் கொஞ்சம் அழுதிருந்தா கன்னுக்குட்டியையும் கொடுத்திருப்பான்!"